பதிவில் இல்லாத மனு

ஆகஸ்ட் 3, ஞாயிறு. குற்றாலம்

கவுன்சிலர்கள் எங்கள் ஆறு பேரையும் கொண்டுவந்து ஒரு பங்களாவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். செல்போனையெல்லாம் குற்றாலிங்கம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். இவன் எங்கள் நகராட்சித் தலைவருடைய உதவியாளன். தலைவர் தும்மினால் இவன் மூக்கைத் துடைப்பான். டைரியை மட்டும் கேட்கவில்லை. பொம்பளை என்னத்தை எழுதிவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பான், மூதி.

இரண்டு நாளாக அருவிச் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்க்க விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே வருகிறது, மூடினால் ஆம்பளைகள் நாலு பேரின் சிகரெட் புகை. நானும் எட்டாவது வார்டு ஜெயராணியும் ஒரே கட்டிலில். அவள் விடும் குறட்டைக்கு அருவியே தேவலை.

புதன்கிழமை நம்பிக்கையில்லாத் தீர்மானம். மன்றத்தில் முப்பது பேர். இருபத்துநாலு பேர் கை தூக்கினால் ஆறுமுகநயினார் அண்ணாச்சி தலைவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். அவர்களிடம் இருபத்துமூன்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எங்கள் கட்சிக்காரர்களே, வெட்கங்கெட்டவர்கள். மிச்சம் அண்ணாச்சியும் நாங்கள் ஆறு பேரும். எங்களில் ஒரு ஆள் நழுவினால் முடிந்தது.

ஜூன் மாதம் தினசரிச் சந்தையின் கூரை இடிந்து விழுந்து மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். மூன்று பேரும் என் வார்டு. கூரை கெட்டுக் கிடந்தது தலைவருக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தார் என்று அவர்கள் சொல்கிறார்கள். "என்ட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலய்யா" என்று அண்ணாச்சி டிவிக்காரனிடம் சொன்னார்.

எனக்கு அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றி வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய், "அண்ணாச்சியக் கைவிட மாட்டேன்" என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். ஜெயராணி சூடு படுமுன்பே கையை எடுத்துவிட்டாள். குற்றாலிங்கம் மறுபடி ஏற்றி, மறுபடி சொல்ல வைத்தான்.

என் முறை வந்தபோது அண்ணாச்சி, "தங்கம் சத்தியம் பண்ண வேண்டாம்யா. அவ எங்கூடப் பொறந்தவ" என்றார். எத்தனை பேர் முன்னால்! வேண்டாம் என்று சொன்ன பிறகும் நானாகப் போய்க் கையை வைத்து அழுத்தினேன். கொப்புளம் வந்திருக்கிறது. ஜெயராணி பல்பொடி வைத்துத் தேய்த்துவிட்டாள், அது இன்னும் எரிகிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாச்சிதான் ஏழு நாளும் அங்கே தரையில் படுத்தார். பாடையில் ஒரு பக்கம் அவர் தோள். அப்புறம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "ஆவுடத்தங்கம், வார்டுக்கு நில்லு" என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மா சொல்லவில்லை. அவர் என்ன தப்புச் செய்திருந்தாலும் நான் அவர் பக்கம்.

செய்யவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வேனில் கொண்டுபோய் மன்றத்தின் வாசலில் இறக்கினார்கள். தீர்மானம் கொண்டுவந்த எங்கள் கட்சிக்காரன் பாக்கியநாதன் என் எதிரே உட்கார்ந்திருந்தான். "எக்கா, செத்த மூணு பேரும் ஒங்க வார்டு" என்றான். "ஒஞ் சோலியப் பாருல" என்றேன்.

அதிகாரி எண்ணினார். இருபத்துமூன்று. மறுபடியும் எண்ணினார். இருபத்துமூன்றுதான்.

என் கை மடியில் இருந்தது. கனமாக இருந்தது. அது கொப்புளத்தால் இருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஊர்வலம். நையாண்டி மேளம், வெடி. அண்ணாச்சி ஜீப்பில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். சந்தை முக்கு வந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னார், செத்தவர்களுக்கு மரியாதை. அந்த மனசு யாருக்கு வரும்? சந்தையின் தெற்குப் பாதி தரைமட்டம். வடக்குப் பாதி நிற்கிறது. அதன் அடியில் யாரோ ஒரு பெண் தலையில் முக்காடு போட்டுக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். குப்பை பொறுக்க வந்தவளாக இருக்கும். திரும்பிப் பார்க்கிறதற்குள் மேளம் தொடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

சிலிண்டர் பதிந்தேன். இட்லி மாவு புளித்துவிட்டது. மூன்றாம் தெருவில் சாக்கடை அடைப்பு, ஆள் அனுப்பினேன்.

காலையில் ஏழு மணிக்கு, "கீரேய்... அரக்கீர, தண்டங்கீரேய்..." என்று சத்தம் கேட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருவில் ஒருத்தரும் இல்லை. பழக்க தோஷம். பேச்சியம்மாள் பதினைந்து வருஷம் என் வாசலில்தான் முதல் கட்டை இறக்குவாள். "தங்கக்கா கை பட்டாத்தான் வெறுங்கூடையோட வீடு திரும்புவேன்" என்பாள். கீரையைச் சந்தையில் வைத்து விற்க ஆரம்பித்த பிறகும் முதலில் இங்கே வந்துவிட்டுத்தான் போவாள்.

கூரைக்கு அடியில் போன மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றைக்கும் கேட்டது. போகவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காது டாக்டரைப் பார்த்தேன். அழுக்கு எடுத்தார். காது நன்றாக இருக்கிறதாம். "என்னம்மா கேக்குது?" என்றார். "இரைச்சல்" என்றேன். கீரை என்று சொன்னால் கோட்டி பிடித்தவள் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஏழு மணிக்கு மிக்ஸியைப் போட்டேன். தேங்காய் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் மிக்ஸி. அதையும் மீறிக் கேட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும் போல இருக்கிறது.

சித்திரை மாதம் பேச்சியும் செத்துப்போன மற்ற இரண்டு பேரும் ஒரு மனுவோடு வந்தார்கள். பதினாறு பேர் கைநாட்டும் கையெழுத்தும். சந்தைக் கூரையில் கம்பி வெளியே தெரிகிறது, காரை உதிர்ந்து தலையில் விழுகிறது, சரிசெய்து தர வேண்டும் என்று. திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்கும் நாளுக்குப் போகப் போகிறோம் என்றாள் பேச்சி. எனக்குச் சுரீர் என்றது. "நம்ம ஆளு தலைவரா இருக்கும்போது கலெக்டர்ட்டப் போயி நிப்பியளோ? கட்சி மானத்த வாங்கதுக்கா? எங்கையில குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

நகராட்சி ஆபீசில் தபால் பிரிவு இருக்கிறது. கொடுத்தால் சீல் வைத்து, நம்பர் போட்டு, நோட்டில் ஏற்றுவார்கள். நான் அங்கே கொடுக்கவில்லை. அங்கே கொடுத்தால் பத்தோடு பதினொன்று. அந்த வாரம் அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம். அவர் கையில் நேராகக் கொடுத்தால் உடனே வேலை நடக்கும், என் மதிப்பும் கூடும். தாம்பூலத் தட்டில், வெற்றிலைக்கு அடியில் அதை வைத்துக் கொடுத்தேன். கவுன்சிலரம்மா எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையும் கழுத்துமாக நின்றபடி அவர் அதைப் படித்தார். முழுவதும் படித்தார். எனக்குத் தெரியும், உதடு அசைந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கோயில் கொட முடியட்டும், பாத்துக்கிடுதேன் தங்கம்" என்றார்.

கொடைத் திருவிழா முடிந்தது.

அவ்வளவுதான். ஆயிரம் வேலை அவருக்கு. மறந்திருப்பார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குற்றாலிங்கம் வந்தான். கூரை விழுந்ததைப் பற்றி சப் கலெக்டர் விசாரிக்கிறாராம், நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். கையோடு டைப் அடித்த காகிதம் ஒன்று கொண்டுவந்திருந்தான். அந்தப் பெண்களிடம் நான் மூன்று தடவை நேரில் போய், இடிந்து விழும், இங்கே உட்காராதீர்கள் என்று எச்சரித்தேனாம். அவர்கள் கேட்கவில்லையாம்.

"நான் எப்பல சொன்னேன்?"

"சொன்னதா இருக்கட்டும் எக்கா."

"அது என்ன மூணு தடவ?"

"ஒரு தடவன்னா ஒப்புக்குச் சொன்ன மாரி இருக்கும். மூணு தடவன்னாத்தான் அக்கற தெரியும்லா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வெளக்குமாற்றை எடுத்திருப்பேன். அதற்குள் போனைப் போட்டு என் காதில் வைத்துவிட்டான். அண்ணாச்சி. "தங்கம், செத்தவிய செத்துட்டாவ. நம்மாள என்ன செய்ய முடியும்? இருக்கவியளப் பாப்போம். ஒம் பேருக்கும் இதுதான் பாதுகாப்பு, பாத்துக்கோ" என்றார்.

"மனு..." என்றேன்.

"எந்த மனு?" என்றார். குரல் அவ்வளவு சாந்தம். நானே ஒரு நிமிஷம் எந்த மனு என்று யோசித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சப் கலெக்டர் சின்னப் பெண். கல்யாணமாகிப் போன என் மகள் வயசு இருக்கும். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். காகிதத்தைப் படித்துவிட்டு, "அவங்க மனு ஏதும் கொடுத்தாங்களாம்மா? தபால் நோட்டுல ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்ல."

பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். கையெழுத்துப் போட்டேன். உள்ளங்கையில் தோல் உரிந்துகொண்டிருக்கிறது, பேனா பிடிக்க வலிக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது. "மும்முறை எச்சரித்தும் கேட்கவில்லை: கவுன்சிலர் வாக்குமூலம்." என் போட்டோவும் இருக்கிறது. மகள் போன் செய்தாள். "ஏம்மா எங்கிட்ட நீ சொல்லவே இல்ல, இவ்வளவு பாடுபட்டிருக்கியே" என்றாள். சாம்பார் தீய்கிறது என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றைக்குக் காலையில் ஏழு மணிச் சத்தத்துக்குப் பிறகு கதவும் தட்டப்பட்டது. எனக்கு உயிரே இல்லை. திறந்தால் கீரைக்கூடையோடு முப்புடாதி. பேச்சியின் ஒரே மகள். இருபத்திரண்டு வயசு. பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், இப்போது அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறாள். கன்னம் ஒட்டிப்போய், காதுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. காரி முகத்தில் துப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குத் தயாராகவும் நின்றேன்.

"எக்கா, பேப்பர்ல போட்டிருந்ததப் படிச்சுச் சொன்னாவ. நீங்க மூணு தடவ சொன்னியளாமே. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் இவ்வளவு நாளும் ஒங்களத்தான் மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்ம பிடிவாதக்காரிதான. யாரு சொல்லி என்னத்தக் கேட்டுருக்கா? ஒங்க பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய எக்கா."

எனக்கு வாய் திறந்தது. என்னென்னவோ சொல்ல வந்தது.

"ஆமாட்டி. கேக்கல" என்றேன்.

ஒரு கட்டு அரைக்கீரையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அதை ஆய உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அப்படியே மாட்டுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

சத்தம் நின்றுவிட்டது. ஏழு மணி, ஏழே கால், எட்டு மணி. ஒன்றுமில்லை. தெருவில் யாராவது ஏதாவது கத்தினால் தேவலை என்று இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

விசாரணை முடிந்ததாம். இருக்கிற சாட்சியத்தில் தலைவர் மேல் ஒன்றும் நிரூபணம் இல்லை. அண்ணாச்சி வீட்டில் பாயசம். என்னை நகர்மன்றப் பணிக்குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார். பொன்னாடை போர்த்தியபோது கழுத்து வேர்த்தது. பாக்கியநாதனைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பணிக்குழுவின் முதல் கூட்டம். சந்தையின் வடக்குப் பாதிக்கு வெள்ளையடித்து அடுத்த வியாழக்கிழமை திறக்கப் போகிறார்களாம். அண்ணாச்சி ரிப்பன் வெட்டுகிறார். நான் தீர்மானத்தைப் படித்தேன். "கூரைய இன்ஜினியர் பாத்தாச்சா?" என்று கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சிரித்தார். "தெற்குப் பாதி விழுந்துச்சு. விழாததத்தான தெறக்கோம்? தங்கத்துக்குப் பயம் தெளியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு பாதியும் ஒரே வருஷம், ஒரே ஆள் கட்டியது. பேச்சிதான் எனக்குச் சொன்னாள்.

செப்டம்பர் 20, சனி

போய்ப் பார்த்தேன். வெள்ளை பளிச்சென்று இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால், கம்பி தெரிந்த இடத்திலெல்லாம் சிமெண்டை அப்பி அதன் மேல் அடித்திருக்கிறார்கள். அடியில் நிற்க முடியவில்லை. பத்து எண்ணுவதற்குள் வெளியே ஓடிவந்துவிட்டேன். டீக்கடைக்காரன் என்னம்மா என்றான். வெயில் என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் முப்புடாதி வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. சந்தையில் இடம் கிடைத்திருக்கிறதாம், வடக்குப் பாதியில், தூணை ஒட்டி. நாளையிலிருந்து அங்கே உட்காரலாமாம். தெருத் தெருவாக அலைய வேண்டாம். மற்றவர்களும் இடம் வாங்கியிருக்கிறார்களாம், பதினொரு பேர்.

கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் ஒங்களத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாவ. எங்கம்ம மாரி நாங்க கேக்காம இருக்க மாட்டோம் எக்கா. நீங்க சொல்லுங்க. உக்காரட்டா?"

எவ்வளவு நம்பிக்கை அந்த முகத்தில்! என் பொய் அல்லவா அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தது. பேச்சியும் அன்றைக்கு இதே வாசலில் இதையேதான் கேட்டாள். எழுதாமல் விட்டது அதுதான். மனுவை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் கேட்டாள், "அப்பம் சரிபண்ணுத வரைக்கும் உக்காரலாமா எக்கா?" காரை உதிர்ந்து அவள் தோள்பட்டையில் காயம் வேறு இருந்தது, சேலையை விலக்கிக் காட்டினாள். நான் என்ன சொன்னேன்? "அண்ணாச்சி கைக்குப் போயாச்சு. பேசாம உக்காரு. எந்திரிச்சுப் போனியன்னா கட்சிக்குத்தான் கெட்ட பேரு" என்றேன். போனவர்களைக்கூடத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். மூன்று தடவை போனேன். ஆமாம், மூன்று தடவை. உட்காருங்கள் என்று சொல்லத்தான் போனேன்.

"எக்கா?" என்றாள்.

"உக்காராதட்டி" என்றேன். "ஒருத்தரும் உக்காராதிய. அது விழும்."

"தலைவரு நல்லா இருக்குன்னாரே."

"அவருக்குத் தெரியும். அப்பவும் தெரியும். மனு எழுதினது ஒங்கம்ம. கொண்டுபோய்க் குடுத்தது நான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெற்றிலைத் தட்டு, கலெக்டரிடம் போகாதே என்று தடுத்தது, தோள்பட்டைக் காயத்தைப் பார்த்தது, உட்காரச் சொன்னது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது, எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் அழவில்லை.

"அப்பம் அவ கேக்காம இல்ல" என்றாள்.

"கேட்டாட்டி. கேட்டதாலதான் அங்க இருந்தா."

முப்புடாதி படியில் உட்கார்ந்துவிட்டாள். கூடையின் மேலிருந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தாள், மறுபடி பிழிந்தாள், தண்ணீரே இல்லாத துணியை.

"ஒரு மாசமா அவ போட்டோவப் பாத்து ஏசிட்டு இருக்கேன் எக்கா. தெனமும். காலையில வெளக்கேத்திட்டு, 'அம்புட்டு பேரு சொல்லியும் கேட்டியாடீ, என்ன இப்படி அனாதையா விட்டுட்டுப் போனியே மூதி'ன்னு. நேத்து அடிக்கக்கூடச் செஞ்சேன் அந்தப் போட்டோவ."



குற்றாலிங்கம் போனில் வந்தான். நாளைக்குத் திறப்பு விழாவில் நான்தான் வரவேற்புரை. பச்சை சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னான், போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். நான் பேசாமலேயே வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

முப்புடாதி எழுந்தாள். சப் கலெக்டர் ஆபீசுக்கு எந்த பஸ் என்று கேட்டாள். ஏழாம் நம்பர் என்றேன். நானும் வாரேன் என்றேன். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் முன்னால் நடந்தாள். வார்டுக்குள் எங்கே போனாலும் எனக்குப் பின்னால் பத்துப் பேர் வருவார்கள். இன்றைக்கு நான் அவள் பின்னால் போனேன். பஸ்சில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் நின்றுகொண்டே வந்தாள்.